புதிய பேட்டரியும் பழைய வண்டியும்

கார் வைத்திருக்கும் குடும்பங்களில் பேட்டரி மாற்றும் நாள் ஒரு செலவு நாளாக மட்டுமே கருதப்படுகின்றது. பழையது கழற்றப்படும், புதியது வைக்கப்படும், இரு முனைகளும் முடுக்கப்படும், பத்து நிமிடங்களில் வண்டி உறுமிக்கொண்டு எழும். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, இனி நான்காண்டுகளுக்குக் கவலை இல்லை என்று வீடு திரும்புவோம். ஆனால் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ அந்த வண்டி மீண்டும் முரண்டு பிடிக்குமாயின் என்ன நிகழ்கின்றது? வீட்டார் புதிய பேட்டரியைப் பழிப்பர். பேட்டரி விற்றவர் டைனமோவைக் கைகாட்டுவார். பட்டறைக்காரரோ 'செல்ஃப்' மோட்டாரையே மாற்றச் சொல்வார். மூவர் சொல்வதும் தவறாக இருக்கக்கூடும் என்பதை இவ்வாண்டுக் கோடையில் நாங்கள் கண்ணாரக் கண்டோம். வாசகக் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு பழைய காராவது இருப்பதால், அதனைச் சற்று விரிவாகவே எழுத விழைகின்றோம்.

எங்கள் வீடு கணியம்பாடியிலிருந்து அமிர்தி செல்லும் சாலையில், சவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டியுள்ளது. வேலூருக்கும் அமிர்திக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. 1967 இல் தொடங்கப்பெற்ற சிறிய விலங்கியல் பூங்காவையும், மழைக்காலத்தில் பெருகும் அருவியையும் காண விடுமுறை நாட்களில் வெளியூரார் திரள்வர். பொழுது சாய்ந்ததும் சாலை ஓய்ந்துவிடும். வந்து போவோருக்கு அது அழகு. இங்கேயே வாழ்வோருக்கு அது சில வேளைகளில் அச்சம்.

அச்சம் என்று எழுதக் காரணம் உண்டு. எங்கள் தாயாருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாயும் சனியும் காலை ஆறு மணி முறைக்கு வேலூரில் 'டயாலிசிஸ்' என்னும் இரத்தச் சுத்திகரிப்பு நடைபெறுகின்றது. விடியுமுன் ஐந்து மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். ஒரு முறை தவறினால் உடலில் நீர் தேங்கி மூச்சுத் திணறும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். ஆகவே எங்கள் வீட்டில் அந்தச் சிறிய பெட்ரோல் கார் ஆடம்பரப் பொருள் அன்று. மருந்துப் பெட்டியைப் போன்றது. பழைய வண்டியாக வாங்கியதுதான் எனினும், அதனை அம்மா "நம்ம புள்ள" என்றே குறிப்பிடுவார்கள்.

மே மாதத்தில் அவ்வண்டியின் பேட்டரி உயிரைவிட்டது. நான்கரை ஆண்டுகள் உழைத்த பேட்டரி, குறை சொல்வதற்கில்லை. வேலூர் வட்டாரத்து மே மாத வெயில் 40 பாகையை எளிதாகத் தாண்டிவிடுகின்றது. குளிர் நாடுகளில் பனிக்காலமே பேட்டரிக்கு எமன் என்பர். உண்மையில் அதனை உள்ளிருந்து அரிப்பது வெப்பமே. வெப்பம் 10 பாகை உயருந்தோறும் உள்ளே நிகழும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கின்றது. தகடுகள் அரிபடுகின்றன, நீர் ஆவியாகின்றது. கோடையில் பட்ட காயம் குளிரில் வெளிப்படுகின்றது, அவ்வளவே. குளிர் என்பதே பெயரளவில் உள்ள நம் ஊரில் காயமும் சாவும் கோடையிலேயே நிகழ்ந்துவிடுகின்றன.

நெடுஞ்சாலை ஓரத்து ஊர் ஒன்றில் ஒரு கடையில் புதிய பேட்டரி வாங்கினோம். கடையின் பெயர் இங்கு வேண்டாம். பின்னர் அவர்கள் நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். பொருத்திய இளைஞர் சுறுசுறுப்பானவர். அன்று வியாழக்கிழமை.

வீடு வந்து சேருமுன்பே சில விந்தைகள் தொடங்கின. கடிகாரம் பன்னிரண்டு மணியில் நின்று மினுக்கியது. வானொலிப் பெட்டி இரகசிய எண் கேட்டது. ஒரே அழுத்தில் தானே மேலேறும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி, பாதி வழியில் நின்றது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்கியது. இவை கோளாறுகள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இவற்றைக் கண்டு அஞ்சிப் பட்டறைக்கு ஓடிப் பணத்தை இழப்போர் பலர். இக்கால வண்டிகளில் எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி ஒன்று உண்டு. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை அது நாள்தோறும் கற்றுக்கொண்டே வருகின்றது. பேட்டரியைக் கழற்றினால் கற்றதெல்லாம் மறந்துபோகும். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினால் மீண்டும் கற்றுக்கொள்ளும். கண்ணாடியை முழுதும் ஏற்றிவிட்டுப் பொத்தானைச் சில விநாடிகள் இழுத்துப் பிடித்திருந்தால் பெரும்பாலான வண்டிகளில் தானியங்கி வேலை திரும்பிவிடும். ஸ்டியரிங் விளக்கு எரிந்தால், எஞ்சினை ஓடவிட்டுச் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பினால் பல வண்டிகளில் அணைந்துவிடும். வானொலியின் எண், வண்டியோடு வந்த கையேட்டுப் பையில் ஒரு சிறு அட்டையில் இருக்கும். பழைய வண்டி வாங்குவோர் அந்த அட்டையைக் கேட்டு வாங்குவதில்லை. எங்கள் வண்டியில் நற்பேறாக அது இருந்தது.

இவை யாவும் வெள்ளிக்கிழமைக்குள் சீராயின. சனிக்கிழமைப் பயணமும் இடரின்றி முடிந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு, அம்மாவை முன் இருக்கையில் அமர்த்திச் சாவியைத் திருப்பியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். மீண்டும் திருப்பினோம், மீண்டும் 'டிக்'. ஹாரனை அழுத்தினால் தெருவே விழித்துக்கொள்ளும் அளவுக்கு முழங்கியது. முன் விளக்குகள் எதிர்ச் சுவரைப் பளிச்சென்று காட்டின. "லைட்டு நல்லாத்தானே எரியுது, அப்புறம் என்ன இதுக்கு?" என்று அம்மா கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அப்போது வீட்டில் எவரிடமும் விடை இல்லை. அடுத்த வீட்டுத் தம்பி தம் ஆட்டோவை எடுத்து வந்தார். ஒரு மணி நேரம் பிந்திச் சென்று சேர்ந்தோம். செவிலியர் ஒன்றும் கடிந்து சொல்லவில்லை. ஆனால் அன்று அம்மாவுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் குறைந்தது. அடுத்த இரண்டு நாட்களும் கால்வீக்கம் வடியவில்லை.

அன்று மதியம் பேட்டரி விற்ற கடைக்காரர் ஆளனுப்பிச் சோதித்தார். அளவி 12.6 வோல்ட் காட்டியது. "பேட்டரி முழுசா இருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மையே. ஈய அமில பேட்டரி என்பது தலா 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகளின் தொகுதி. ஆறையும் கூட்டினால் 12.6. அது முழு நிறைவு. 12.2 என்றால் ஏறத்தாழ அரை நிறைவு. 12 க்குக் கீழ் சென்றால் ஏறக்குறைய வெறுமை. ஆகவே பேட்டரி குற்றமற்றது. பின் யார் குற்றவாளி? உள்ளூர்ப் பட்டறையில் வண்டியைப் பார்த்தவர், ஆல்டர்னேட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு பெருந்தொகையைச் சொன்னார். அவர் கையில் அளவி இல்லை. முனையை அசைத்ததும் வண்டி கிளம்பியது. அதற்கும் அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் எங்கள் மைத்துனர், "பணத்தைக் கொட்டுமுன் பாயிடம் ஒரு தரம் காட்டிவிடுங்கள்" என்றார். தொழிற்சாலைக்குத் தொழிலாளரை ஏற்றி வரும் வேன்களின் மின் வேலைகளைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வரும் முதியவர் அவர். அவ்வட்டாரத்தில் அனைவருக்கும் அவர் பாய்தான். புதன்கிழமை அவரிடம் சென்றோம்.

அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "இந்தத் தொந்தரவு எப்பத்துலேர்ந்து?" பேட்டரி மாற்றிய பிறகு என்றோம். "அப்ப அதுக்கு முன்னாடி நல்லா இருந்த சாமான் மேல ஏன் சந்தேகப்படணும்? மாத்தினப்ப யாரு கை எங்க பட்டுதோ, அங்கதான் மொதல்ல பாக்கணும்" என்றார். மருத்துவரும் துப்பறிவாளரும் பின்பற்றும் நெறி இதுவே அன்றோ! ஆயினும் பட்டறைகளில் இதனைக் கேட்பது அரிது.

பின்னர்ப் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் எதிர்முனையைக் கவ்வியிருந்த கிளாம்பை இரு விரலால் திருகினார். நட்டு இறுக முடுக்கப்பட்டிருந்தும் கிளாம்ப் சுழன்றது! உள்ளே தகரத் துண்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே அதை விட்டுவிட்டு, "இருங்க, கண்ணால பாத்துடுங்க" என்று அளவியை எடுத்தார். அதன் பிறகு அவர் செய்த சோதனை இக்கட்டுரையின் உயிர்நிலை என்பதால் வாசகர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகின்றோம்.

அளவியின் இரு முட்களையும் பேட்டரியின் இரு ஈயக் குமிழ்களின் மீது வைத்தார். கிளாம்புகளின் மீது அன்று, குமிழ்களின் நடுவிலேயே. எங்களைச் சாவியைத் திருப்பச் சொன்னார். எண் 12.6 இலிருந்து 10.8 க்கு இறங்கியது. அது இயல்பு, செல்ஃப் சுழலும்போது 9.6 க்குக் கீழே போகாதவரை பேட்டரியைக் குறை கூற இயலாது. அடுத்து முட்களைக் குமிழ்களிலிருந்து எடுத்துக் கிளாம்புகளின் மீது வைத்தார். மீண்டும் சாவி. இப்போது எண் 8.1. விரல் அகலமும் இல்லாத தொலைவில் 2.7 வோல்ட் காணாமற்போயிருந்தது! மூன்றாவதாக, ஒரு முள் எதிர்முனைக் குமிழின் மீதும் மற்றொரு முள் அதே முனையின் கிளாம்பின் மீதும். சாவி திருப்பாதபோது 0. திருப்பியபோது 2.5. நேர்முனையில் அதே சோதனை வெறும் 0.2 காட்டியது. திருடன் எங்கிருக்கின்றான் என்பது மூன்று நிமிடங்களில் தெரிந்துவிட்டது.

அம்மா கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது. விளக்குகள் எரிகின்றன, ஹாரன் முழங்குகின்றது, ஆதலால் பேட்டரித் தொடர்பு நன்றாக உள்ளது என்று நம்மில் பலர் முடிவு கட்டுகின்றோம். விளக்குகள் உறிஞ்சும் மின்னோட்டம் பத்து ஆம்பியர் அளவே. செல்ஃப் மோட்டாரோ எஞ்சினைப் புரட்டும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கின்றது. வாய்க்காலில் ஒரு கல் விழுந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். குடத்தளவு நீர் ஓடும்போது அந்தக் கல்லைப் பொருட்படுத்தாமல் நீர் ஓடிவிடும். மதகைத் திறந்துவிட்டாலோ அதே கல்லின் முன் நீர் முட்டி நிற்கும். தளர்ந்த கிளாம்ப் அத்தகைய கல். சிறு மின்னோட்டத்தை அது தடுப்பதாகவே தெரியாது. பெரு மின்னோட்டத்தில்தான் தன் முகத்தைக் காட்டும். சாதாரண அளவியை வைத்து, வண்டி சும்மா நிற்கையில் சோதித்தவருக்குக் கோளாறு அகப்படாததன் காரணமும் இதுவே. ஓட்டம் இல்லாதபோது தடை தன்னை மறைத்துக்கொள்கின்றது.

தகரத் துண்டு ஏன் வந்தது? இங்கேதான் பேட்டரி வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி உள்ளது. பேட்டரியின் ஈயக் குமிழ்கள் எல்லாம் ஒரே பருமன் உடையவை அல்ல. ஐரோப்பிய வழக்கில் நேர்முனை ஏறத்தாழ 19.5 மி.மீ., எதிர்முனை ஏறத்தாழ 17.9 மி.மீ. குறுக்களவு. ஜப்பானிய வழக்கில் வரும் சிறு வகையில் நேர்முனை 14.7, எதிர்முனை 13 மி.மீ. மட்டுமே. எந்த வழக்கிலும் நேர்முனை சற்றுப் பருத்தும் எதிர்முனை மெலிந்தும் இருக்கும். மாற்றி மாட்டிவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. நம் நாட்டுச் சாலைகளில் இரு வழக்கு வண்டிகளும் ஓடுகின்றன. எங்கள் வண்டி பெரிய குமிழ் கேட்பது. கடையில் கையிருப்பில் இருந்தது சிறிய குமிழ் உள்ளது. ஆம்பியர் எண்ணும் உறுதிச்சீட்டும் சரியாகவே இருந்தன. பருமனை எவரும் பார்ப்பதில்லை. கிளாம்பை முழுதும் இறுக்கியும் அது பற்றாமையால் இளைஞர் தகரத்தைச் செருகி அப்போதைக்கு வேலையை முடித்திருக்கின்றார். வழவழப்பான தகரம் மேடு பள்ளத்தில் அசைந்து அசைந்து, இடையே நுண்பொறி தெறித்து, கருகிப் படிந்துவிட்டது. அமிர்திச் சாலையின் வேகத்தடைகளை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

குமிழின் பருமனைப் போன்றே பக்கமும் முக்கியம். பேட்டரியின் பெயரெண்ணின் இறுதியில் 'எல்' என்றோ 'ஆர்' என்றோ ஓர் எழுத்து வரும். நேர்முனை எப்பக்கம் அமைந்துள்ளது என்பதை அது குறிக்கின்றது. மாறான பக்கத்துப் பேட்டரியை வைத்தால் கம்பி எட்டாது. எட்டவைக்க இழுத்தால் கம்பியின் அடியில் முறியும்; இல்லாவிடில் பேட்டரியையே திருப்பி வைத்து, அவசரத்தில் முனைகளை மாற்றி மாட்டிவிடுவார்கள். அப்படி ஒரு கணம் மாற்றித் தொட்டாலே பெரிய ஃப்யூஸ் எரியும். ஆல்டர்னேட்டரின் உள்ளே உள்ள டயோடுகள் கருகும். 'புதிய பேட்டரி போட்டதிலிருந்து சார்ஜ் ஏறவில்லை' என்று சொல்லப்படும் வண்டிகளில் சில, இவ்வாறு ஒரு கணத்தில் கெட்டவை. பானெட்டின் அடியில் உள்ள பெட்டியில் 80 அல்லது 100 ஆம்பியர் என்று பொறிக்கப்பட்ட பெரிய ஃப்யூஸை முதலில் பார்த்துவிட்டால், ஆல்டர்னேட்டரையே மாற்றும் செலவு சில வேளைகளில் மிஞ்சும்.

பழைய தலைமுறை மெக்கானிக்குகளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையைக் கழற்றிவிடுவார்கள். எஞ்சின் நிற்காமல் ஓடினால் 'டைனமோ நல்லா இருக்கு' என்பார்கள். உண்மையான டைனமோ பூட்டிய அந்தக்கால வண்டிகளில் அதனால் பெருந்தீங்கு விளைந்ததில்லை போலும். கணினிப் பெட்டி உள்ள இக்கால வண்டிகளில் அது கொலைக்கு ஒப்பானது. பேட்டரி என்பது மின்சாரத்தைத் தேக்கும் தொட்டி மட்டும் அன்று. ஆல்டர்னேட்டரிலிருந்து பொங்கி வரும் அலைகளை விழுங்கி அடக்கும் கரையும் அதுவே. கரையை உடைத்தால் வோல்ட் பல மடங்கு எகிறி, ஒரு கணத்தில் கணினிப் பெட்டியைச் சுட்டுவிடும். பட்டறையில் எவரேனும் ஓடும் வண்டியில் ஸ்பேனரோடு பேட்டரியை நெருங்கினால் கையைப் பிடித்துத் தடுப்பதில் தவறில்லை. ஆல்டர்னேட்டரைச் சோதிக்க எளிய வழி, எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியின் குமிழ்களில் அளவியை வைப்பதே. 13.8 க்கும் 14.5 க்கும் இடையில் எண் நின்றால் அது வேலை செய்கின்றது. (அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் கணினியே சார்ஜ் அளவைக் கூட்டிக் குறைப்பதால் எண் ஊசலாடலாம். அதுவும் குறையன்று.) எங்கள் வண்டியில் 14.2 காட்டியது. மாற்றச் சொன்ன ஆல்டர்னேட்டர் பழுதின்றி இருந்தது.

பாய் தகரத்தை எடுத்தெறிந்து, ஈய உறை ஒன்றைப் பூட்டி, "இது ஊருக்குப் போற வரைக்கும். சரியான பேட்டரிய மாத்திக்குங்க" என்று அனுப்பினார். கூலியாக அவர் கேட்டது மிகச் சொற்பம். கடைக்காரரும் வாதம் செய்யாமல் வியாழனன்று பெரிய குமிழ் உள்ள பேட்டரியை மாற்றித் தந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எழுதும் அளவுக்குப் பெரிதாயிராது. சனிக்கிழமை சென்று வந்தோம். அதன்பின் வண்டியை எடுக்கவில்லை. முந்தைய செவ்வாயின் அனுபவத்தால், புறப்படும் நாளுக்கு முந்திய மாலையே ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. திங்கள் மாலை திருப்பினோம். இம்முறை 'டிக்' கூட இல்லை. சோர்ந்த முனகல் மட்டும். விளக்குகளும் மங்கின. அளவி 12 க்கும் கீழே காட்டியது. இது வேறு நோய். முதல் நோயின் அறிகுறியே அன்று. விளக்கு பளிச்சென்று எரிந்து செல்ஃப் மட்டும் சுற்றாவிடில் தொடர்பில் குறை. விளக்கும் சேர்ந்து மங்கினால் பேட்டரியில் சரக்கே இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்த வீட்டுத் தம்பி மீண்டும் கைகொடுத்தார். அவரது உறவினரின் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பினோம். நேர்முனைக்கு நேர்முனை, மற்றதை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலிருந்து, எங்கள் எஞ்சினின் வெற்று இரும்பில். கடைசிக் கவ்வியை எங்கள் பேட்டரியின் மீதே வைக்காததற்குக் காரணம் உண்டு. அங்கே கசிந்திருக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு, ஒரு பொறி பட்டால் வெடித்து அமிலத்தை முகத்தில் வாரி இறைக்கும். செவ்வாய்ப் பயணம் அவ்வாறு காப்பாற்றப்பட்டது. அன்று மருத்துவமனை வளாகத்தில் நான்கு மணி நேரம் வண்டியைப் பற்றியே எங்கள் நினைவு ஓடிற்று. திரும்பும்போது அது கிளம்புமா என்பதே கவலை. கிளம்பியது.

மறுநாள் மீண்டும் ஆம்பூர். இம்முறை பாய் எதிர்முனைக் கிளாம்பைக் கழற்றி, குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே ஆம்பியர் அளவியைக் கோத்தார். வண்டியைப் பூட்டிவிட்டு, ஒரு கோப்பைத் தேநீர் குடித்து வரும் வரை காத்திருக்கச் செய்தார். பூட்டியவுடன் இக்கால வண்டிகள் உறங்குவதில்லை. கணினிகள் ஒவ்வொன்றாய் அடங்கச் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரம் வரை ஆகும். அதற்குள் அளந்தால் தவறான எண்ணே கிடைக்கும். தேநீர் முடிந்து பார்த்தபோது அளவி 0.4 ஆம்பியர் காட்டியது. உறங்கும் வண்டி 0.05 க்கு மேல் உறிஞ்சக் கூடாது.

அற்பமான எண்ணாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 0.4 என்றால் ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரியின் கொள்ளளவோ 35. சனி மதியம் முதல் திங்கள் மாலை வரை ஏறத்தாழ 54 மணி நேரத்தில் 21 க்கு மேல் கசிந்துவிட்டது. ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போயிற்று. செவ்வாய் காலை வரை விட்டிருந்தால் ஏறக்குறைய கால் பங்கே மிஞ்சியிருக்கும்.

பாய் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எதைப் பிடுங்கினால் எண் சரிகின்றதோ, அந்த வழியில் கசிவு என்பது முறை. எல்லாவற்றையும் பிடுங்கியும் எண் அசையவில்லை. எங்களுக்குக் கை கால் சோர்ந்தது. அவருக்கோ முகம் மலர்ந்தது. "அப்ப ஃப்யூஸ் பொட்டிக்கு வெளியிலேர்ந்து போகுது" என்று நேர்முனைக் கிளாம்பைக் குனிந்து பார்த்தார். அதன் நட்டுக்கு அடியில் மெல்லிய சிவப்புக் கம்பிகள் இரண்டு. முந்தைய உரிமையாளர், இசைப்பெட்டியின் ஒலிபெருக்கிக் கருவிக்கென்று பின் இருக்கை வரை இழுத்திருந்தவை. அவற்றுள் ஒன்று எப்போதும் மின்சாரம் பெற வேண்டியது. மற்றொன்று இசைப்பெட்டி பாடும்போது மட்டும் கருவியை எழுப்ப வேண்டியது. அந்த இரண்டாவதன் இணைப்பு முன்னரே நைந்திருந்ததால், பேட்டரி மாற்றும்போது பிரிந்து தனியே தொங்கியிருக்கின்றது. இரண்டும் சிவப்பு, இரண்டும் அங்கேயே கிடந்தன. எனவே இரண்டும் ஒரே நட்டின் கீழ் போயின. அன்று முதல் கருவி இரவும் பகலும் விழித்திருந்தது. இரண்டாவது கம்பியை எடுத்து உரிய இடத்தில் சேர்த்ததும் எண் 0.03 க்கு வந்து நின்றது. பூட்டிய வண்டியின் பின்னிருக்கைக்கு அடியில் கை வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கருவி வெதுவெதுப்பாக இருந்திருக்கும் என்று பாய் சொன்னார்.

தொழிற்சாலையில் பூட்டி வந்த கம்பிகளுக்கு வண்ணமும் ஒழுங்கும் உண்டு. பின்னர்ச் சேர்க்கும் பாட்டுப்பெட்டி, பின்புறக் காமிரா, கூடுதல் ஹாரன் ஆகியவற்றின் கம்பிகளுக்கு அவற்றைப் பூட்டியவரின் மனமே சட்டம். பேட்டரியைக் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார் பாய். மூவாயிரம் ரூபாய்க் கருவிகள் செய்யாத உதவியை அது செய்யும் என்பது அவர் கருத்து. நாங்களும் அதனை ஏற்கின்றோம்.

கழற்றும் முறைபற்றியும் இரண்டொரு சொல். முதலில் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். வண்டியின் உடல் முழுதும் எதிர்முனையோடு சேர்ந்ததாதலால், நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் எங்கேனும் தட்டினால் பெரும் பொறி பறக்கும். (பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு சேர்க்கப்பட்டிருந்தது. பழம்பெரும் வண்டிகளைப் பேணுவோர் மட்டும் இதனை நினைவிற் கொள்க.) மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சை உப்பை, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்துவிட்டு, இறுக முடுக்கியபின் மேலே வாசலின் தடவலாம், முடுக்குமுன் தடவலாகாது. அமிலம் தோலில் பட்டால் நிறையத் தண்ணீர். கண்ணில் பட்டால் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை ஏதும் இல்லை. 2014 வரை நம் நாட்டில் உருவான அம்பாசடர் வண்டியின் பழைய பதிப்புகளில் இரும்புக் கைப்பிடி ஒன்று இருக்கும். பேட்டரி செத்தாலும் அதனை முன்புறத் துளையில் செருகிச் சுழற்றி எஞ்சினை எழுப்பலாம். அது பின்னுதைத்து மணிக்கட்டை முறித்த கதைகளும் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் செல்ஃப் 1912 ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பின்னரே, உடல் வலிமை குறைந்தோரும் தாமே வண்டியை எழுப்பும் காலம் பிறந்தது. ஆயினும் அந்தச் செல்ஃபுக்கு உணவூட்டும் ஈய அமில பேட்டரி, 1859 இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே கண்ட அதே ஈயமும் கந்தக அமிலமுமே. கணினி ஏறிய வண்டிக்குள் இன்னும் அவருடைய கண்டுபிடிப்பே அமர்ந்திருக்கின்றது.

இறுதியாக, பழைய பேட்டரியைப் பற்றி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் போட்டால், எங்கோ ஒரு கொல்லைப்புறத்தில் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, அடுப்பில் ஈயத்தை உருக்குவார்கள். அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பவை. மண்ணில் கொட்டியது எங்கே போகும் என்பதைத் தோல் பதனிடும் நம் வட்டாரத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாலாற்றங்கரைக் கிணறுகளின் கதையைக் கேட்டே 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் தீர்ப்பை வழங்கியது. பேட்டரிகளைப் பொறுத்தவரை 2001 முதலே விதிகள் இருந்தன. 2022 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்து, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. ஆகவே பழையதைக் கடையிலேயே ஒப்படைத்து, விலையில் கழித்துக்கொண்டு, ரசீதில் எழுதி வாங்குவதே முறை. எங்களுக்குக் கழித்த தொகை, அந்த முதல் செவ்வாய் விடியலில் ஆட்டோவுக்கு நாங்கள் கொடுக்க முயன்றதைவிடச் சற்று அதிகம். அடுத்த வீட்டுத் தம்பி அதை வாங்கிக்கொள்ளவில்லை என்பது வேறு செய்தி.